நான் அழித்த வசனம்

புதிய கணினி அறைக்குள் காலை வைத்ததும் முதலில் மூக்கில் ஏறியது பிளாஸ்டிக் உறையின் மணந்தான். போன திங்கட்கிழமை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த அறை. கண்ணாடி யன்னல், குளிரூட்டி, இருபது கணினி, இருபதுக்கும் உறை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘ஆரம்பப் பிரிவு மாணவர் உட்செல்லக் கூடாது.’ அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடைக்குள் போட்டேன். மறுநாள் தரம் நான்கு பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய், உறைகளை அவர்களைக்கொண்டே கழற்றி, மடித்து, மூலையில் அடுக்க வைத்தேன். அதிபர் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். எழுதட்டும். அவருக்குப் பதில் எழுத முன்னம் உமக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் போல் இருந்தது.

உமக்கு நினைவிருக்கும், சமாதானம் வந்து வன்னிக்குப் பாதை திறந்த அடுத்த வருடம் எங்களுக்கு வந்த அந்த ஒற்றைக் கணினியை. ஏதோ ஒரு உதவி நிறுவனம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அப்போதிருந்த அதிபர் அதைத் தன் அறையில் வைத்து, மனைவியைக்கொண்டு ஒரு சீலை உறை தைப்பித்துப் போர்த்து, விஜயதசமிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார். ஆறு மாதமாக ஒருவரும் அதைத் தொடவில்லை. வட்டக்கச்சிப் பக்கம் அப்போது மின்சாரமும் இல்லை. தொட்டாலும் என்ன செய்வது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அந்த வருடம்தான் நீர் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக வந்தீர். இருபத்து நான்கு வயது. வாய்க்காலுக்கு அங்காலைக் குடியிருப்பில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் அடிபட்டு, கட்டிய துணியோடு இறங்கிவந்த தேயிலைத் தோட்டத்துச் சனம் காடு வெட்டி உண்டாக்கிய குடியிருப்பு அது. வீட்டில் ஒரு தமிழும் வகுப்பில் ஒரு தமிழும் பேசுவீர். கோபம் வந்தால் மட்டும் வகுப்பிலும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். கிளிநொச்சி ரவுணில் ஆறு மாதம் கணினி படித்திருந்தீர். வந்த முதல் கிழமையே அதிபருக்கு முன்னால் போய் நின்றீர்.

“சேர், இத ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?”

“பிள்ளை, பழுதாப் போனால் ஆர் பொறுப்பு?”

“போடாம வச்சாலும் பழுதாகும் சேர். எலி வயரத் தின்னும்.”

சொல்லிக்கொண்டே சீலையைத் தூக்கினீர். உள்ளே எலிப்புழுக்கை. ஒரு வயர் ஏற்கெனவே பாதி போயிருந்தது. அதிபர் சீலையை வாங்கி மடித்தார். வீடியோப் படம் போடுகிற ஒருவரிடம் ஜெனறேற்றர் இரவல் வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டி நீர் உருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உம்மில் முதல் மரியாதை வந்தது. புதன்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம். இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு இயந்திரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மட்டையில் ஒரு விசைப்பலகை கீறிக் கொடுத்தீர். முறை வரும்வரைக்கும் அவர்கள் அந்த மட்டையில் விரல் தட்டிக்கொண்டிருப்பார்கள். மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும்.

நான் வகுப்பாசிரியை, உம்மைவிடப் பதினான்கு வயது மூத்தவள். பிள்ளைகளுக்கு என்ன அடிக்கக் கொடுக்கலாம் என்று யோசித்தபோது பாடப்புத்தகத்தை நீட்டினேன். நீர் வாங்கவில்லை.

“புஸ்தகத்தப் பாத்து அடிச்சா விரலுதான் படிக்கும், டீச்சர். நம்ம ஊரப் பத்தி அடிக்கட்டும். அது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. கேட்டுத்தான் வரணும்.”

“ஒன்பது வயசுப் பிள்ளையளுக்கு வரலாறோ?”

“கேள்வி கேக்கிற வயசு அதுதானே.”

அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமைகளில் கொப்பியும் பென்சிலுமாய்ப் பிள்ளைகள் ஊரைக் கலக்கினார்கள். இந்த வாய்க்கால் எப்ப வந்தது? இந்தப் புளியை ஆர் வைச்சது? பள்ளிக்கூடத்துக் கொட்டில் எத்தனை தரம் எரிஞ்சது? நீர் அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தீர்: “ஒருத்தர் சொன்னா அது கத. ரெண்டு பேரு சொன்னாத்தான் அடிக்கலாம்.” புதன்கிழமை வந்து, கேட்டதைத் தட்டச்சு செய்து, பெயர் வைத்துச் சேமிப்பார்கள். ஒரு வசனத்தை வெட்டி வேறொரு இடத்தில் ஒட்டப் பழகினார்கள். நிரோஜன் குளத்தைப் பற்றி ஒரு பக்கம் அடித்தான், எல்லா இடத்திலும் ளகரத்துக்கு லகரம் போட்டு. ‘எங்கள் குலத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. எங்கள் குலத்தில் முதலை உண்டு’ என்று அவன் வாசிக்க, வகுப்பே உருண்டு சிரித்தது. அவன் அழத் தொடங்க, நீர் பக்கத்தில் இருந்து, ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் ஒரேயடியாய் மாற்றுவது எப்படி என்று காட்டினீர். ஒரு தட்டு. குலமெல்லாம் குளமானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

பிறகு கோமதி கிணற்றை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கட்டில் ஒரு கல் பதித்திருந்தது. ‘உபயம்’ என்று போட்டு என் பெரியப்பாவின் பெயர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எங்கள் வீட்டில் அறவே கிடையாது. கோமதி உங்கள் குடியிருப்புப் பிள்ளை. அவளுடைய தாத்தா கறுப்பையா சொன்னாராம், அந்தக் கிணற்றை வெட்டியது தாங்கள் ஏழு பேர் என்று. இருபதடிக்குக் கீழே போனபோது மண் சரிந்து ராமையா என்பவர் உள்ளேயே இறந்துபோனார் என்றும் சொன்னாராம். அவள் சட்டப்படி இரண்டாவது ஆளைத் தேடி வந்தாள். வந்தது எங்கள் வீட்டுக்கு, என் அம்மாவிடம்.

நான் குசினியில் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது தெளிவாகக் கேட்டது.

“ஓம் பிள்ளை. ஏழு பேர்தான். ராமையாவை எங்கட வண்டிலிலதான் ஏத்திக்கொண்டு போனது. பெண்சாதி பிள்ளைத்தாச்சி.”

அந்தப் புதன்கிழமை கோமதி அடித்தாள்: ‘பள்ளிக்கூடக் கிணற்றைக் குடியிருப்பிலிருந்து வந்த ஏழு பேர் வெட்டினார்கள். அவர்களில் ராமையா மண் சரிந்து இறந்தார். சீமெந்தும் கல்லும் தந்தவர் சங்கத் தலைவர் ஐயா.’ பெரியப்பாவையும் அவள் விட்டுவிடவில்லை. அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துத்தான் எழுதினாள்.

ஆனாலும் செய்தி அவருடைய காதுக்குப் போனது. வெள்ளிக்கிழமை வேட்டியும் சால்வையுமாய் வந்து அதிபரின் அறையில் இருந்துகொண்டு உம்மைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

“கிணறு நான் கட்டினது. கல்லில பேர் கிடக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாதோ உமக்கு?”

“தெரியுங்க ஐயா.”

“உபயம் எண்டால் குடுத்தவன்ர பேர்தான் போடுறது. வெட்டினவன்ர பேரை எங்கையாவது கல்லில பார்த்தனீரோ?”

“இல்லீங்க. அதான் பிள்ளைங்க எழுதுதுங்க.”

அவர் முகம் கறுத்துப்போனது. “உங்கட ஆக்களைத் தூக்கிப் பிடிக்கத்தான் இந்த மிஷினோ?” என்றார். நீர் கையைக் கட்டிக்கொண்டு, “நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. பிள்ளைங்க கேட்டுக்கிட்டு வந்துச்சுங்க. ஒங்க தம்பி சம்சாரத்துக்கிட்டயும் கேட்டுச்சுங்க” என்றீர். என் அம்மாவைத்தான் சொன்னீர். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

உம்முடைய நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசுக் கடிதம் அப்போது அதிபரின் மேசையில் கிடந்தது. சங்கத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டியது மட்டும்தான் மிச்சம். பெரியப்பா எழும்பிப் போன பிறகு அதிபர் என்னிடம் தணிந்த குரலில், “அந்தக் கிணத்துப் பகுதியை எடுத்துவிடச் சொல்லுங்கோ, எல்லாருக்கும் நல்லது” என்றார். நான் உம்மிடம் வந்தேன்.

“ஒரு மூண்டு வசனம்தானே. எடுத்துவிடும். கடிதம் போகட்டும்.”

நீர் ஜெனறேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தீர். நிமிரவில்லை.

“நான் அழிக்க மாட்டேன் டீச்சர். நீங்க அழிக்கிறதுன்னா அழிங்க. எந்தக் கீன்னு ஒங்களுக்குத் தெரியும்.”

தெரியும். நீர்தான் எனக்குப் பழக்கினீர். போய் இருந்தேன். கோமதியின் பக்கத்தைத் திறந்தேன், வசனங்களைக் கறுப்பாக்கினேன், தட்டினேன். போய்விட்டது. சேமித்துவிட்டு எழும்பினேன். உமக்காகத்தான் செய்தேன் என்று அன்று முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொய். பெரியப்பாவுக்குப் பயந்தேன். உண்மை என்று தெரியாமல் அழித்தவளும் இல்லை நான். என் தாயின் வாயிலிருந்து என் காதாலேயே கேட்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை கோமதி தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். “டீச்சர், என்ர கிணத்தைக் காணேல்லை” என்றாள். நீர் என்னைக் காட்டிக் கொடுப்பீர் என்று எதிர்பார்த்தேன். நீர் அவளிடம், “கொப்பி இருக்கா?” என்று மட்டும் கேட்டீர். பிறகு வகுப்பைப் பார்த்து, “இன்னைக்குப் பயிற்சி ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு உண்மையான வசனம் அடிக்கணும். எதுன்னாலும் சரி” என்றீர்.

முதலில் கோமதி இருந்தாள். கிணற்றை அடித்தாள். அடுத்தவன் நிரோஜன். திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அதையே அடித்தான். அடுத்த பிள்ளையும் அதையே. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ‘வெட்டினார்கள்’ என்பதற்கு ஒருத்தன் ‘வெட்டினர்கல்’ என்று அடித்தான். ஒருத்தி ராமையாவை ‘றாமைய்யா’ ஆக்கினாள். பெரியப்பாவின் பேரப்பிள்ளையும் அந்த வகுப்பில்தான். அவனும் இருந்து, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாய்த் தேடி அடித்து முடித்தான். இருபத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்தெட்டுத் தரம். மண்ணெண்ணெய் முடிந்து ஜெனறேற்றர் இருமத் தொடங்கியபோதுதான் கடைசிப் பிள்ளை எழும்பினாள். நான் பின்வரிசை வாங்கில் இருந்து அழுதேன். நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதற்கு இன்றைக்கும் நன்றி.

அதைப் பிளொப்பியில் போட்டுக்கொண்டு கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் அச்செடுத்து வந்தீர். பெற்றோர் தினத்துக் கண்காட்சியில், வாய்க்காலும் புளியும் நிரோஜனின் குளமும் தொங்கிய கயிற்றிலேயே அந்த இருபத்தெட்டுத் தாளும் தொங்கின, பிழைகளும் திருத்தப்படாமல். பெரியப்பா வந்தார். ஒவ்வொரு தாளாக வாசித்துக்கொண்டு போனார். தன் பேரனின் தாளுக்கு முன்னால் கனநேரம் நின்றார். பிறகு கோமதியைக் கூப்பிட்டார்.

“ஆர் உனக்கு இதைச் சொன்னது?”

“நான் கேட்டனான் ஐயா. நீங்களும் கேக்கலாம். தாத்தா வீட்டிலதான் இருக்கிறார்.”

அந்த நேரத்தில்தான் என் கால் தானாக முன்னுக்கு வந்தது. “அது உண்மை, பெரியப்பா. முதல் அடிச்சதை அழிச்சது நான்தான். பிள்ளையள் திரும்ப அடிச்சவை” என்றேன். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கழற்றியிருந்தால் போட்டிருப்பார். அதிபர் இரண்டு தரம் உம்மிடம் சொல்லியும் பார்த்தார். நீர் கழற்றவில்லை. பெரியப்பா மகளின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவுமில்லை. நீர் அதற்குப் பிறகும் ஐந்து வருடம் தொண்டராகவே வந்தீர். சம்பள இடாப்பில் பெயர் இல்லாமல், பருவத்துக்குப் பிள்ளைகளின் தாய்மார் கொடுத்த நெல்லோடும் மரக்கறியோடும். ஒவ்வொரு வருடமும் புதிய நான்காம் தரம். ஒவ்வொரு வருடமும் மட்டையில் மழைச் சத்தம். ஒரு நாள் கேட்டேன், “அண்டைக்கு விட்டுக் குடுத்திருக்கலாம் எண்டு நினைக்கிறதில்லையோ?” நீர் சிரித்தீர். “நெனைக்கிறதுதான் டீச்சர். மாசக் கடைசியில நெனைப்பேன்.”

இரண்டாயிரத்து எட்டின் முடிவில் சண்டை நெருங்க ஊரே இடம்பெயர்ந்து எழும்பியது. கணினியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுத்தான் போனோம். பிளொப்பிகளை நீர் ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக் கொண்டுவந்தீர். தருமபுரத்தில் வெள்ளத்துக்குள் அதுவும் போய்விட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. பூநகரிச் சனமும் முல்லைத்தீவுச் சனமும் நெடுங்கேணிச் சனமும் தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் தறப்பாளாக. அங்கேயும் நீர் பிள்ளைகளைக் கூட்டிவிட்டீர். கையில் கிடைத்த பெட்டி மட்டையில் விசைகளைக் கீறிக் கொடுத்து, பக்கத்துத் தறப்பாளில் ஆர், எந்த ஊர், அந்த ஊரில் என்ன இருந்தது என்று கேட்டுவந்து அதில் தட்டச் சொன்னீர். எனக்கு எரிச்சல் வந்தது. தலைக்கு மேலே ‘வண்டு’, அந்த வேவு விமானம், சுற்றுகிறது, இது என்ன விளையாட்டு?

“இப்பவும் வரலாறோ?”

“இப்பதான் டீச்சர்” என்றீர். “இனிமே ஆருகிட்டப் போய்க் கேக்கிறது?”

தேவிபுரத்தில், மாசி மாதம், காலை பத்து மணியளவில் கஞ்சிக்கு வரிசையில் நின்றீர். செல் விழுந்து வெடித்தது. நான் ஓடிவரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு மேல் அதை எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதவேண்டும். உமக்குக் குழி வெட்டியவர் என் பெரியப்பா. எழுபது வயதில், வேட்டியை மடித்துக் கட்டி, அலவாங்கை வாங்கி, வேறு ஒருவரையும் தொடவிடாமல் வெட்டினார். மன்னித்தேனா என்று எனக்குத் தெரியாது. வெட்டியவர் பெயர் எழுதப்படவேண்டும் என்று நீர் சொல்வீர் என்பதற்காக எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு, உம்முடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு மரணப் பதிவுக்குப் போனேன். கணினிக்கு முன்னால் இருந்த இளம் எழுத்தர் பெயர், வயது, இடம் எல்லாம் கேட்டு அடித்துக்கொண்டு வந்தார்.

“தொழில்?”

“ஆசிரியை” என்றேன்.

“நியமனக் கடிதம் இருக்கோ?”

“இல்லை. தொண்டர் ஆசிரியை. ஆறு வருஷம் படிப்பிச்சவா.”

“அப்ப தொழில் இல்லை எண்டுதானம்மா போடவேணும்.”

உம்முடைய அம்மா என் கையைப் பிடித்தா. “விடுங்க டீச்சர். எதையாவது போடட்டும். புள்ளயே போயிருச்சு.”

“தம்பி, ஆசிரியை எண்டு அடியுங்கோ” என்றேன். அவர் முடியாது என்றார். “அப்ப நான் இதிலயே இருக்கிறன்” என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் எங்களை ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டு அடுத்தவர்களைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போனார், வந்தார். நாங்கள் அதே கதிரைகளில் இருந்தோம். பெரியவர் ஒருவர் உள்ளேயிருந்து வந்து சுற்றுநிருபம் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் பிறகு வரிசையில் எஞ்சியிருந்த ஒரு பெண் முன்னுக்கு வந்தா. “அவா என்ர மகளுக்குப் படிப்பிச்சவா” என்றா. யாரென்று எனக்குத் தெரியாது. உடையார்கட்டுத் தறப்பாள் ஒன்றில் இருந்தவவாம். எழுத்தர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். அடித்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘ஆசிரியை.’ ளகர லகரப் பிழை ஒன்றும் வர வழியில்லாத சொல். ஆனாலும் எழுத்தெழுத்தாய் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

நான் இயல்பில் பயந்து எழும்பிப் போகிறவள் என்பது உமக்குத் தெரியும். நாளைக்கு அதிபர் தன் அறைக்கு என்னைக் கூப்பிடுவார். கதிரையைக் காட்டுவார். இருப்பேன்.